ஊர் திரும்பியவரும் உடன் வராத காரும்

வெளிநாட்டில் பல வருடங்கள் வேலை பார்த்த ஒருவர் நிரந்தரமாக ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்திர பண்டங்கள், புத்தகங்கள், குழந்தையின் சைக்கிள் வரை எல்லாவற்றையும் கட்டிக் கப்பலில் ஏற்றிவிடலாம். குறிப்பிட்ட மதிப்பு வரை சுங்க வரியிலும் சலுகை உண்டு. அவர் ஆசைப்பட்டு வாங்கி, மாதா மாதம் தவணை கட்டி முடித்த கார் மட்டும் வாசலிலேயே நிற்கும். பெரும்பாலும் கிடைத்த விலைக்கு அதை விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்.

ஏன்? காரும் அவருடைய சொந்தப் பொருள்தானே? இந்தச் சின்னக் கேள்விக்குள் சுதந்திர இந்தியாவின் பொருளாதார வரலாறே ஒளிந்திருக்கிறது.

மூட்டை முடிச்சில் சேராத பொருள்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டத்துக்குப் பதிலாக, சுதந்திர இந்தியா 1962இல் புதிய சுங்கச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் 2ஆம் பிரிவில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. "பயணியின் உடைமை" என்பதற்கு அங்கே இருக்கும் விளக்கம் ஒரே வரிதான். பயணி கூடவே எடுத்து வருவது மட்டுமல்ல, தனியாகக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்பி வைப்பதும் உடைமையில் அடங்கும். ஆனால் மோட்டார் வாகனங்கள் அடங்கா.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டுச் சாமான் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது உடைமை. கார் எவ்வளவு பழையதாக இருந்தாலும் அது சரக்கு. சரக்கு என்றால் அதைக் கொண்டு வருபவர் இறக்குமதியாளர்! பத்து வருடம் ஓட்டிய காரோடு துறைமுகத்தில் நிற்கும் குடும்பஸ்தரும், விற்பதற்காக நூறு கார் இறக்கும் வியாபாரியும் சட்டத்தின் பார்வையில் ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள்.

இந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று புரிய வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கதவு திறந்திருந்த காலம்

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவையே. முழு வண்டியாக வராதவை உதிரி பாகங்களாக வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928இல் பம்பாயில் அப்படி வந்த பாகங்களைப் பூட்டிக் கார்களாக்கத் தொடங்கியது. ஃபோர்டு நிறுவனமும் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய துறைமுக நகரங்களில் இதே வேலையைச் செய்தது. வெளிநாட்டுக் கார் என்பது அன்று தனி ரகம் அல்ல. கார் என்றாலே வெளிநாட்டுக் கார்தான்.

இந்தியர்கள் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கியது 1940களில். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942இல் உருவானது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944இல் வந்தது. 1948இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது. வண்டலூர் பக்கம் இருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

குழந்தைத் தொழிலைக் காப்பாற்ற வேலி வேண்டும் என்பது அன்றைய சிந்தனை. 1953இல் வரி ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. இந்தியாவிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டிக் கொடுக்கும் நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்பதே அதன் சாரம். 1954இல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின.

டாலர் பஞ்சமும் மூன்று கார்களும்

வேலி போட்ட கொஞ்ச நாளிலேயே வேறொரு பிரச்சினை வந்தது. 1956இல் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. எஃகு ஆலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் வெளிநாட்டுப் பணம் தண்ணீராகச் செலவானது. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் சேர்ந்திருந்த இந்தியாவின் ஸ்டெர்லிங் இருப்பு வேகமாகக் கரைந்தது. 1957-58 வாக்கில் அன்னியச் செலாவணி நெருக்கடி முற்றிவிட்டது.

இறக்குமதியைக் கட்டுப்படுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. எது வர வேண்டும், எது வரக் கூடாது என்று அரசாங்கமே முடிவு செய்தது. கோதுமைக்கும் இயந்திரத்துக்கும் டாலர் இல்லாத நாட்டில் காருக்கு ஏது டாலர்? கார் ஆடம்பரப் பொருளாகி, பட்டியலின் கடைசிக்குப் போனது.

உள்நாட்டில் கிடைத்தவை மூன்றே மூன்று வகை. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அவையும் நினைத்தவுடன் கிடைக்காது. 1959இல் கார் வினியோகத்துக்கென்றே தனிக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பின்னர் விலையையும் அரசாங்கமே நிர்ணயித்தது. அந்த விலை சரியா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போய் 1971இல் தீர்ப்பு வந்தது. காத்திருக்க முடியாதவர்கள் பழைய காரைப் புதிய கார் விலைக்கும் மேலே கொடுத்து வாங்கினார்கள்!

இப்போது 1962 சட்டத்தின் அந்த ஒரு வரியைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். புதிய காருக்கு இவ்வளவு பஞ்சம் இருக்கும் ஊரில், வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரும் ஒரு காரை உடைமைக் கணக்கில் வரியில்லாமல் இறக்கினால் என்ன ஆகும்? இறங்கிய மறுநாளே அதைப் பல மடங்கு விலைக்கு விற்றுவிடலாம். ஊர் திரும்புவதே ஒரு வியாபாரமாகிவிடும். அரசாங்கம் பயந்தது இதற்குத்தான். ஓட்டி வருபவர் மேல் கோபம் இல்லை, அவர் விற்றுவிடுவாரோ என்ற சந்தேகம்.

பெர்மிட்டோடு வந்த கார்கள்

முழுக்க முழுக்கக் கதவு அடைக்கப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. நிரந்தரமாகத் திரும்புபவர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தங்கள் காரைக் கொண்டு வர அனுமதி பெறலாம் என்ற ஜன்னல் ஒன்று திறந்தே இருந்தது. அனுமதி வாங்க வேண்டும், வரி கட்ட வேண்டும், வந்த காரைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது.

இந்த நிபந்தனைகளின் சாயல் பிற்கால விதிகளிலும் அப்படியே தொடர்ந்தது. வெளிநாட்டில் 2 ஆண்டுகள் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் கார் குறைந்தது 1 ஆண்டாவது அவர் வசம் இருந்திருக்க வேண்டும். இந்தியாவில் நிரந்தரமாகக் குடியேற வந்திருக்க வேண்டும். இங்கே பதிவுச் சான்றிதழில் 2 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று குறிப்பு எழுதப்படும். ஒவ்வொரு நிபந்தனையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: "இது உண்மையிலேயே உன் கார்தானா, விற்கக் கொண்டு வந்ததா?"

தூதரக அதிகாரிகளின் கதை வேறு. அவர்களுக்கு வரிவிலக்கு உண்டு. பதவிக்காலம் முடிந்து போகும்போது அவர்கள் விட்டுச் சென்ற கார்கள், 1956இல் உருவான அரசு வர்த்தகக் கழகத்தின் வழியாக விற்கப்பட்டன. பெரிய ஹோட்டல் வாசல்களில் டூரிஸ்ட் டாக்ஸியாக நின்ற நீளமான அமெரிக்கக் கார்கள் பலவும் இப்படிக் கைமாறியவைதான்.

விருந்தாளிக்கு ஒரு நியாயம், வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம்

இதே காலத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. 1960களிலும் 70களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகத் தங்கள் வண்டிகளிலேயே இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களின் வண்டிக்கு எல்லையில் வரி இல்லை!

காரணம் 'கார்னே' என்று அழைக்கப்படும் ஒரு சின்னப் புத்தகம். சுற்றுலாப் பயணிகளின் சொந்த வண்டிகளைத் தற்காலிகமாக அனுமதிப்பது பற்றி 1954இல் நியூயார்க்கில் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. பயணியின் நாட்டில் இருக்கும் மோட்டார் வாகன சங்கம் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கும். வண்டி திரும்பிப் போகாவிட்டால் வரிக்கு அந்தச் சங்கம் பொறுப்பு. எல்லையில் ஒரு தாளைக் கிழித்து முத்திரை குத்துவார்கள், அவ்வளவுதான். இந்தியாவில் 6 மாதம் வரை தாராளமாக ஓட்டலாம்.

ஆக, ஜெர்மனியிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த அன்னியரின் கார் வரியில்லாமல் உள்ளே வந்தது. அதே ஜெர்மனியிலிருந்து பிறந்த ஊருக்கே வந்துவிட்ட இந்தியரின் கார் துறைமுகத்தில் நின்றது. சட்டத்தின் தர்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. போய்விடும் கார் உள்நாட்டுச் சந்தையைத் தொடாது, தங்கிவிடும் கார் தொடும். தர்க்கம் சரிதான். ஆனால் தங்க வந்தவன் என்பதே ஒரு மனிதனுக்குப் பாதகமாக அமைவது வினோதம் இல்லையா?

வளைகுடாவும் இடது பக்க ஸ்டியரிங்கும்

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகளில் கட்டுமான வேலைகள் பெருகின. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அந்நாடுகளில் குடியுரிமை கிடைப்பது அரிது. எத்தனை வருடம் உழைத்தாலும் ஒரு நாள் திரும்பித்தான் ஆக வேண்டும். அதாவது, "காரை என்ன செய்வது?" என்ற கேள்வி அங்கே கார் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் நிச்சயமாக வரும்.

அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வளைகுடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அமெரிக்காவிலும் அப்படியே. இந்தியாவில் எல்லாம் நேர்மாறு. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கார்கள்தான் நம் சாலைக்குப் பொருந்தும்.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. இடது பக்க ஸ்டியரிங் வைத்த கார் இந்தியச் சாலையில் ஓடவே கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, அப்படிப்பட்ட வண்டியில் இயந்திரத்தாலோ மின்சாரத்தாலோ இயங்கும் சைகை விளக்கு போன்ற கருவி இருக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. அந்தக் காலத்தில் ஓட்டுநர் ஜன்னல் வழியாக வலது கையை நீட்டித்தான் திரும்பப் போவதைக் காட்டுவார். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. அதற்காகத்தான் இந்த நிபந்தனை! சாலைச் சட்டம் விட்டுக்கொடுத்ததைப் பின்னால் வந்த இறக்குமதி விதிதான் அடைத்தது.

தங்கம் வந்தது, கார் வரவில்லை

1991இல் இந்தியாவின் கையில் சில வார இறக்குமதிக்கு மட்டுமே அன்னியச் செலாவணி இருந்தது. ரிசர்வ் வங்கியின் தங்கம் விமானத்தில் ஏற்றப்பட்டு வெளிநாட்டில் அடகு வைக்கப்பட்டது. அதன்பின் பொருளாதாரக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1992இல், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் வரி செலுத்தி 5 கிலோ வரை தங்கம் கொண்டு வரலாம் என்று அனுமதி கிடைத்தது. அதுவரை கடத்தல்காரர்களின் பொருளாக இருந்த தங்கம் பயணியின் பெட்டிக்குள் வந்துவிட்டது.

1993இல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. ஆனாலும் வெளியிலிருந்து வரும் பழைய கார் மீதான கட்டுப்பாடு மட்டும் தொடர்ந்தது. அதை அசைத்தது ஒரு சர்வதேச வழக்கு. அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா வைத்திருப்பது உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு விரோதம் என்று 1997இல் அமெரிக்கா புகார் செய்தது. 1999இல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது. 2001 ஏப்ரல் 1 அன்று மிச்சமிருந்த 715 பொருட்களின் மீதான கட்டுப்பாடுகளும் நீங்கின. பழைய கார்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

பூட்டு போனது, வரி வந்தது

கதவு திறந்துவிட்டது என்று நினைத்தால் அது தவறு. கட்டுப்பாடு நீங்கிய இடத்தில் வரியும் நிபந்தனையும் வந்து உட்கார்ந்தன. 2001 பட்ஜெட்டில் பழைய கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 105 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மற்ற வரிகளையும் சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 180 சதவீதம். நிபந்தனைகளும் வரிசை கட்டி நின்றன:

- கார் தயாரிக்கப்பட்டு 3 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.
- ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும்.
- வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும்.
- இன்னும் 5 ஆண்டுகளாவது ஓடும் தகுதி இருக்க வேண்டும்.
- மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் ஒருவரின் கார், சென்னையில் இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் மும்பை போய்த்தான் வர வேண்டும்!

காரின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவார்கள்? வாங்கிய ரசீதில் உள்ள தொகையை அப்படியே ஏற்பதில்லை. அந்த மாடல் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பார்கள். முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5, அதன்பின் 2. மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கழிக்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிதாக 20,000 டாலர் விலையுள்ள காரை ஒருவர் 3 ஆண்டு ஓட்டிவிட்டார். தேய்மானம் 16 + 12 + 10 = 38 சதவீதம். சுங்கத் துறை கணக்கில் மதிப்பு 12,400 டாலர். அதற்கு 180 சதவீத வரி 22,320 டாலர். கப்பல் கூலியும் காப்பீடும் தனி. அதாவது, புதிதாக வாங்கியபோது கொடுத்த விலையைவிட அதிகமாக வரி கட்டி அந்தப் பழைய காரை மீட்க வேண்டும்! தடை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கொண்டு வரத்தான் ஆள் இருக்காது. பின்னர் 2013இலும் இந்த அடிப்படை வரி 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

இந்த வரியின் கனம் சாதாரண மக்களுக்குத் தெரிய வந்தது ஒரு சிவப்பு நிறக் காரால்தான். டெஸ்ட் போட்டிகளில் பிராட்மேனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக சச்சின் டெண்டுல்கருக்கு 2002இல் ஒரு ஃபெராரி பரிசளிக்கப்பட்டது. மைக்கேல் ஷூமாக்கர் கையால் கிடைத்த பரிசு அது. அதற்குச் சுமார் 1.13 கோடி ரூபாய் வரி வந்தது. 2003இல் மத்திய அரசு அதை விலக்கியபோது எதிர்ப்பு கிளம்பி, டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. கடைசியில் ஃபியட் நிறுவனம் வரியைச் செலுத்தியது. அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

பயம் வீணானதா?

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பாகிஸ்தானில் வெளிநாடு வாழ் குடிமக்கள் கார் கொண்டு வர உடைமை, அன்பளிப்பு, குடிபெயர்வு என்று மூன்று திட்டங்கள் இருந்தன. வியாபாரிகள் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரையும் பாஸ்போர்ட்டையும் பயன்படுத்தி ஜப்பானியப் பழைய கார்களை ஏராளமாக இறக்கினார்கள். இந்தியாவிலும் திரும்பி வருபவர்களின் பெயரில் சொகுசு கார்களை இறக்கிய மோசடிகள் பிடிபட்டிருக்கின்றன. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனால் அந்தச் சந்தேகத்தின் விலையைக் கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டும். மோசடி செய்பவர் போலி ஆவணத்தோடு வந்தார். நேர்மையானவர் விதியைப் படித்துவிட்டு, காரை அங்கேயே விற்றுவிட்டு வந்தார். 2 ஆண்டு வசிப்பு, 1 ஆண்டு உரிமை, 2 ஆண்டு விற்பனைத் தடை என்ற மூன்று பூட்டுகளே வியாபாரத்தைத் தடுக்கப் போதுமானவை. இவ்வளவையும் நிறைவேற்றியவரிடமும் வியாபாரிக்குரிய வரியைக் கேட்டதுதான் இந்த வரலாற்றில் நெருடும் இடம்.

கார் இங்கேயே வந்துவிட்டது

இந்தக் கதையின் முடிவு யாரும் எதிர்பாராதது. சட்டம் இளகவில்லை, ஆசைதான் குறைந்துவிட்டது. 1954இல் போன ஃபோர்டு 1995இல் திரும்பி வந்து, பழைய ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த வண்டலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மறைமலை நகரில் ஆலை கட்டியது (2021இல் மறுபடியும் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது வேறு கதை). 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. வெளிநாட்டில் ஓட்டிய அதே நிறுவனத்தின் காரைச் சொந்த ஊரிலேயே தவணையில் வாங்க முடிகிறபோது, வரி கட்டிப் பழையதைக் கொண்டு வருவானேன்?

அம்பாசிடருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டுக்காக எழுதப்பட்டது 1962ஆம் ஆண்டின் அந்த ஒரு வரி. காத்திருப்புப் பட்டியலும் டாலர் பஞ்சமும் போய்விட்டன. அம்பாசிடரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஒரு பயத்துக்காகப் போடப்படும் வேலி, அந்தப் பயம் போன பிறகும் நிற்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஊர் திரும்பும் ஒருவருக்குக் கார் என்பது வெறும் இரும்பு அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் இறக்கிவிட்ட வண்டி அது. பிரசவ வலியில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வண்டி அது. அதை உடைமை என்று சொல்ல எந்த மனிதனும் யோசிக்க மாட்டான். சட்டம் மட்டும் அதைச் சரக்கு என்றே சொல்லி வந்திருக்கிறது.